அக்கா வீட்டில் காணாமல் போன சமையலறை

கம்ப்யூட்டர் சொன்ன பேச்சைக் கேட்கும். அதுதான் அதனிடம் உள்ள ஆபத்து. டீக்கடைக்காரர்கூட, சர்க்கரை வேண்டாம் என்றால் "நெசமாவா?" என்று ஒரு தடவை கேட்பார். அது கேட்காது.

எனக்கு எதிலும் தேதி வேண்டும். கடுகு டப்பாவின் அடியில்கூட வாங்கிய தேதியை எழுதுகிறவன். ஊர் ஊராகப் போய் நடுகல்லுக்குக் காலம் பார்க்கிறவன். (பொண்ணு பார்க்கப் போன வூட்லயே போட்டோவைத் திருப்பித் தேதி தேடுனவன்னா பாத்துக்குங்க.) இப்படிப்பட்டவனிடம்தான் மல்லிகா அக்காவின் புது வீட்டு வரைபடங்கள் வந்து சேர்ந்தன. கம்ப்யூட்டரில் படம் வரையப் படித்தவன் குடும்பத்தில் நான் ஒருவன்தான்.

மனை பாப்பிரெட்டிப்பட்டியில். இன்ஜினியர் ஒரு படம் தந்தார். வயரிங்காரர் ஒன்று, குழாய்க்காரர் ஒன்று. கட்டில், சோபா எங்கே என்று ஒன்று. அக்கா சண்டை போட்டு வாங்கிய சமையலறைச் சுவர் திருத்தம் தனியாக ஒன்று. அவள் குடியிருந்த வாடகை வீட்டில் ஃபிரிஜ்ஜைத் திறந்தால் சமைக்கிறவர் வெளியே வந்தாக வேண்டும். அவள் கணவர் கோவிந்தன் மாமாவுக்கோ ஹால் பெரிதாக வேண்டும். சுவரளவு டிவி அவருடைய கனவு. நெடுநாள் பேச்சுவார்த்தையில் அந்தச் சுவர் ஹாலுக்குள் கொஞ்சம் நகர்ந்திருந்தது.

"எல்லாத்தையும் ஒரே ஃபைலா சேத்துடுங்க. லேயரெல்லாம் ஒரே மாதிரி இருக்கணுமுங்க" என்றார் இன்ஜினியர்.

லேயர் என்பது ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய கண்ணாடித் தாள் மாதிரி. சுவருக்கு ஒன்று, வயருக்கு ஒன்று, வேண்டாததை மறைத்துக்கொள்ளலாம். ஆனால் சுவர்த் தாளுக்கு ஒருவர் 'சுவர்' என்றும் இன்னொருவர் 'செங்கல்' என்றும் பெயர் வைத்திருந்தார்கள். குழாய்க்காரர் தன் மகள் பெயரை வைத்திருந்தார்.

எனக்குள் இருந்த வரலாற்றாசிரியன் விழித்துக்கொண்டான். எல்லாப் பெயரையும் நீக்கிவிட்டு, படம் வந்த தேதியையே லேயருக்குப் பெயராக வைத்தேன். ஒரே நாளில் வந்ததெல்லாம் ஒரே லேயர். பழைய சமையலறைச் சுவரையும் அக்கறையாக அழித்தேன். உலகத்தில் யாருக்கும் தோன்றாத யோசனை! (ஏன் யாருக்கும் தோணலைன்னு அப்ப யோசிக்கலை.)

மனையில் சுண்ணாம்புக் கோடு போடும் நாள் வந்தது. கட்டில், சோபாவை மறைத்துச் சுவரை மட்டும் பிரிண்ட் எடுக்கச் சொன்னார் இன்ஜினியர். கட்டில் வந்த தேதியை மறைத்தேன். அக்காவின் புதுச் சுவரும் அதே தேதியில் வந்ததுதான். அதுவும் சேர்ந்து மறைந்தது. நானோ தாளின் மூலையில் தேதி சரியாக விழுந்திருக்கிறதா என்று மட்டும் பார்த்தேன். அழகாக விழுந்திருந்தது.

மேஸ்திரி தாளைப் பார்த்துக் கோடு போட்டு முடித்தார். முதலில் மகிழ்ந்தவர் மாமா.

"மாப்ள, ஹாலு கல்யாண மண்டபமாட்டம் இருக்குதே!"

அக்கா கோடுகளுக்குள் ஒரு சுற்று நடந்தாள். "ஏன்டா, சமையக்கட்டு எங்கடா?"

அப்போதுதான் தாளை முழுசாகப் பார்த்தேன். "அது... லேயருக்குள்ள இருக்குதுக்கா."

"அப்ப சோறும் அதுக்குள்ளயே ஆக்கறேன். நீ அங்கயே வந்து தின்னுட்டுப் போ."

"வுடு மல்லிகா, ஓரமா ஒரு அடுப்பு வெச்சிக்கலாம்" என்றார் மாமா, பெருந்தன்மையாக.

ஃபைல் வீட்டுக் கம்ப்யூட்டரில் இருந்தது. இன்ஜினியர் போனை எடுக்கவில்லை. ஜேசிபி உறுமிக்கொண்டு நின்றது. "நல்ல நேரம் போவுதுங்க" என்றார் மேஸ்திரி.

அக்கா சேலையை இழுத்துச் செருகினாள். தென்கிழக்கு மூலையில் நின்று, இல்லாத அடுப்பில் இல்லாத தோசையைத் திருப்பிப் போட்டாள். இல்லாத ஃபிரிஜ்ஜை முழுசாகத் திறந்தாள். தரையில் உட்கார்ந்து, காலை நீட்டிக் காய் நறுக்கினாள். பிறகு எழுந்து சுண்ணாம்புத் தட்டை வாங்கி, இத்தனையும் அடங்குகிற மாதிரி ஒரு கோடு இழுத்தாள். அது ஹாலின் நடுவயிற்றில் போய் நின்றது.

"பிளான்ல இம்புட்டா இருந்துச்சு?" என்று மாமா என்னைப் பார்த்தார். அக்காவும் பார்த்தாள்.

"இருக்குமுங்க மாமா" என்றேன்.

ஜேசிபி இறங்கியது.

இன்று அந்தச் சமையலறையில் இரண்டு பேர் இடிக்காமல் நின்று சமைக்கலாம். மாமா சோபாவில் உட்கார்ந்தபடி கால் கட்டைவிரலால் டிவியை அணைக்கலாம். "அக்காவுக்காகக் கம்ப்யூட்டருக்குள்ள பூந்து சுவத்தையே கடத்துன மச்சினன் இவன்தான்" என்று வருகிறவர்களிடமெல்லாம் என்னைக் காட்டுகிறார். அக்காவும் அதையே நம்புகிறாள். என் தட்டில் மட்டும் நெய் கூடுதலாக விழுகிறது. நடந்தது என் முட்டாள்தனம் என்று விளக்கினால், "அடக்கத்தப் பாரு" என்கிறார்கள்.

போன வாரம் மொரப்பூரிலிருந்து மாமாவின் தம்பி மனைவி போன் செய்தார். அவர்களும் வீடு கட்டப் போகிறார்களாம். குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னார்:

"தம்பி, எங்க வூட்டு பிளானையும் நீங்களே சேத்துக் குடுத்துடுங்க. அவருகிட்ட மட்டும் சொல்லிடாதீங்க."