ஆடிட் செய்யப்பட்ட விளக்குகள்

சங்கரன்கோவில்,
செவ்வாய்க்கிழமை.

அன்புள்ள மாப்பிள்ளை ஆனந்த்சங்கர் அவர்களுக்கு,

மாமனார் தில்லைநாயகம் ஆசீர்வதித்து எழுதுவது. கோமதியம்மன் புண்ணியத்தில் இங்கே எல்லோரும் நலம். உங்கள் அத்தை மட்டும் என்னோடு பேசுவதில்லை. அதையும் நலத்திலேயே சேர்த்திருக்கிறேன். பெங்களூரில் நீங்களும் மீனலோசினியும் சுகமாக இருப்பீர்கள். ஆனால் உங்கள் சாப்ட்வேர் என்னை எந்தக் கதிக்கு ஆளாக்கியது என்பதை நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும்.

ஆடித்தபசுக்கு வந்தபோது நீங்கள் வரைந்த புது வீட்டு பிளான் படத்தைப் பழைய லேப்டாப்பில் ஏற்றிக் கொடுத்து, "லைட் ஷெட்யூலை ஒரு தடவை பாத்துருங்க மாமா" என்று நீங்கள்தான் சொன்னீர்கள். பார்த்தேன். எந்த அறையில் என்ன விளக்கு என்று சொல்லும் அந்தப் பட்டியலில் ஒரே விளக்கை, அதே வாட்ஸோடு, வரிக்கு வரி திரும்பத் திரும்ப எழுதியிருந்தது. காலமெல்லாம் ஆடிட் பார்த்தவன் சும்மா இருப்பேனா? வகைக்கு ஒரு வரியை வைத்துக்கொண்டு மற்றதையெல்லாம் அழித்தேன். நடுவில் கம்ப்யூட்டர் இங்கிலீஷில் ஏதோ எச்சரித்தது. தாசில்தார்களையே எச்சரித்தவன் நான். ஓகேயை அழுத்திவிட்டுப் போய்க்கொண்டே இருந்தேன். பட்டியலில் வரியை அழித்தால் படத்தில் விளக்கும் போய்விடும் என்று எந்த ஊர்ச் சட்டம்? ரேஷன் கார்டில் பெயரை அடித்தால் ஆள் என்ன செத்தா போகிறான்?

அந்தப் படத்தை ஜெராக்ஸ் கடையில் பிரிண்ட் எடுத்து எலெக்ட்ரீஷியன் மகாராஜனிடம் கொடுத்தேன். "அண்ணாச்சி, ஹால்ல ஒரு லைட்டுகூட இல்லியே?" என்றான். "ஏலே, படத்துல உள்ளத மட்டும் மாட்டுலே. எங்க மாப்பிள்ளைக்குத் தெரியாதது ஒனக்குத் தெரிஞ்சிட்டோ?" என்று உங்கள் மானத்தைக் காப்பாற்றினேன். மிஞ்சியது ஸ்டோர் ரூமில் ஒன்று, பாத்ரூமில் ஒன்று, வெளியே முருங்கை மரத்துக்கு ஒன்று.

ஞாயிறு காலை நீங்கள் இல்லாமலேயே புது வீட்டில் பால் காய்ச்சியபோது, பகல் வெளிச்சத்தில் விளக்கு இல்லாத குறை தெரியவில்லை. அன்று மாலையே ராயகிரியிலிருந்து நம் சின்னவள் ஸ்ருதியைப் பெண் பார்க்க வந்துவிட்டார்கள். ஜாதகமும் பொருந்தி, அவளுக்கும் பையனைப் பிடித்து வந்த ஒரே இடம். நல்ல நேரம் பார்த்துக் கிளம்பினார்களாம், வரும்போதே இருட்டிவிட்டது. ஸ்ருதி பெரியவர்கள் காலில் விழுவதாக நினைத்து, ஏணியை எடுக்க வந்து நின்ற மகாராஜன் காலில் விழுந்துவிட்டாள். அவனும் கூசாமல் "நல்லா இரு மக்கா" என்றான். பையனின் அம்மா, "பொண்ணக் கொஞ்சம் வெளிச்சத்துல காட்டுங்களேன்" என்றார். ஸ்டோர் ரூமுக்குப் போனோம். அரிசி மூட்டைக்கும் கேஸ் சிலிண்டருக்கும் நடுவில் ஸ்ருதி நிற்க, உள்ளே இடமில்லாததால் அவர்கள் சாமி கும்பிடுகிற மாதிரி வரிசையில் வந்து ஒவ்வொருவராகப் பார்த்துவிட்டுப் போனார்கள். "போயிட்டுச் சொல்லி அனுப்புதோம்" என்று கிளம்பிவிட்டார்கள். அதற்கு என்ன அர்த்தம் என்று ஊருக்கே தெரியும். ஸ்ருதி சாப்பிடாமல் படுத்திருக்கிறாள்.

ஆகவே தாங்கள் உடனே புறப்பட்டு வந்து, விளக்குகளைப் பழையபடி படத்தில் போட்டு, தவறு முழுக்க சாப்ட்வேருடையது என்று ராயகிரிக்கு நீங்களே போன் செய்து சொல்ல வேண்டியது. மீனலோசினிக்கு என் ஆசிகள். உங்கள் அத்தையும் ஆசி சொல்லியிருப்பாள், என்னிடம் சொல்லவில்லை.

இப்படிக்கு,
தில்லைநாயகம்

பின்குறிப்பு: கவரை ஒட்டப்போகும் நேரத்தில் ராயகிரியிலிருந்து போன். சம்பந்தம் முடிவாகிவிட்டது! பையனின் அப்பாவுக்கு நம் வீட்டுச் சிக்கனம் ரொம்பப் பிடித்துவிட்டதாம். ஆகையால் நீங்கள் வரவும் வேண்டாம், ஒரு விளக்கையும் போடவும் வேண்டாம். அவர்கள் கட்டும் மாடி வீட்டுப் படத்தையும் என்னையே பார்த்துத் தரச் சொல்லி மெயிலில் அனுப்பியிருக்கிறார்கள். யாரோ ஒரு மடையன் மாடிக்கு ஒரே படியைத் திரும்பத் திரும்பப் போட்டு வைத்திருக்கிறான். ஒன்றை மட்டும் விட்டுவிட்டு மற்றதை அழித்துக்கொண்டிருக்கிறேன்.