இருநூற்றுப் பதினான்கு வரித் திட்டம்

கிறிஸ்துமஸுக்கு மறுநாள் தொடங்கும் டெஸ்ட் மேட்சை இந்த வருஷம் ஐந்து நாளும் மெல்பர்ன் மைதானத்திலேயே உட்கார்ந்து பார்ப்பது என்று சபதம் எடுத்தேன். டிக்கெட்டும் வாங்கி ஃபிரிட்ஜ் மேல் வைத்தாயிற்று. உலகமே எதிர்த்து வந்தாலும் அசையமாட்டேன். உலகம் வரவில்லை. என் மனைவி ஜோஸி வந்தாள்.

"க்ளைவ், புது வருஷ விருந்துக்கு என் ஆபீஸ்காரங்க பதினெட்டுப் பேர் வராங்க. அதுக்குள்ள கொல்லைப்புறத்துல மரத்தளம் போட்டுடு."

"யாரு, நானா?"

"பின்னே? பாலம் கட்டறவன் வீட்டுல வந்தவங்க சேத்துலயா நிப்பாங்க?"

அப்போது நவம்பர் பாதி. தளம் முடிய டிசம்பர் கடைசி ஆகும். அந்தக் கடைசி ஐந்து நாள்தான் என் ஐந்து நாள்! ஆனால் நான் இருபத்திரண்டு வருஷமாகப் பாலங்களுக்குத் திட்டம் போடுகிறவன். ஒரு வேலையைத் தள்ளிப்போட, அதை ஒழுங்காகத் திட்டமிடுவதைவிடச் சிறந்த வழி கிடையாது.

ஒரே ஞாயிற்றுக்கிழமையில் இருநூற்றுப் பதினான்கு வரி அட்டவணை தயார். முதலில் தேவைகள். அப்புறம் வரைபடம். அப்புறம் ஒப்புதல். ஒன்று முடியாமல் அடுத்தது தொடங்காது. முதல் ஆணி மார்ச் ஒன்பதாம் தேதி. சுவரில் ஒட்டினேன். சமையலறையில் ஆரம்பித்துக் கழிவறை வரை போனது.

ஜோஸி மென்பொருள் கம்பெனியில் இருக்கிறாள். அங்கே அஜைல் முறை. கொஞ்சம் செய், காட்டு, திருத்து, மறுபடி கொஞ்சம் செய். என் அட்டவணையை நடந்து நடந்து படித்தாள்.

"அழகா இருக்கு. மார்ச் வரைக்கும் நீ இதப் பாத்துட்டே இரு. எனக்குப் பின்வாசல்ல ஒரே ஒரு படி மட்டும் போட்டுக் குடு. துணி காயப்போட இறங்கினா கால் பிசகுது."

"படி நூத்தி நாப்பதாவது வரிலதான் வருது."

"ஒரு படிதானே, க்ளைவ்!"

ஒரு படிதானே என்று போட்டேன். அடுத்து, "ஒரு நாற்காலி போடற அளவுக்குத் தளம்." ஒரு நாற்காலிதானே என்று அதையும் போட்டேன். "அப்ப நீ எங்க உக்காருவே?" என்றாள். எனக்காக ஒருத்தி கவலைப்படும்போது மறுக்க முடியுமா?

தினமும் காலை ஃபிரிட்ஜ் முன்னால் மீட்டிங். நின்றபடிதான். உட்கார்ந்தால் பேச்சு நீளுமாம். மூன்றே கேள்வி: நேற்று என்ன செய்தாய், இன்று என்ன செய்வாய், தடை என்ன? வேலைகள் மஞ்சள் சீட்டில் ஏறி ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டும். முடிந்தால் சீட்டு 'முடிந்தது' பக்கம் போகும்.

வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், எனக்கு அது பிடித்துப்போயிற்று! சீட்டை நகர்த்தும்போதெல்லாம் புல்லரித்தது. பாலம் கட்டினால் ஏழு வருஷம் கழித்து மந்திரி வந்து ரிப்பன் வெட்டுவார். இங்கே தினமும் நானே மந்திரி! காலை ஆறு மணிக்கே துள்ளி எழுந்தேன். பக்கத்து வீட்டு ட்ரெவர் கையில் பியரோடு வேலிமேல் சாய்ந்து வேடிக்கை பார்த்தான்.

"உன் அட்டவணைப்படி இப்ப எங்கப்பா இருக்கே?"

"மூணாவது வரி."

"தளம்?"

"முக்கால்வாசி முடிஞ்சுது."

கிறிஸ்துமஸுக்கு முதல் நாள்தான் விழித்துக்கொண்டேன். பாக்கி இருப்பது சரியாக ஐந்து நாள் வேலை. என் ஐந்து நாள்! சரி, அவள் முறையிலேயே அவளை மடக்கிவிடுவோம் என்று நெஞ்சை நிமிர்த்தி நின்றேன்.

"தடை?" என்றாள் ஜோஸி.

"கிரிக்கெட்! இருபத்தாறுலேர்ந்து அஞ்சு நாள். உங்க முறையில தடைய மறைக்கக் கூடாதுல்ல? எழுது!"

மறுபேச்சில்லாமல் எழுதினாள். சிவப்புச் சீட்டில் 'கிரிக்கெட்' என்று எழுதி ஒட்டினாள். ஜெயித்துவிட்டேன்! எனக்குத் தலைகால் புரியவில்லை.

இருபத்தாறாம் தேதி காலை தலையில் தொப்பி, மூக்கில் வெயிலுக்கான வெள்ளைக் களிம்பு, பையில் சாண்ட்விச் சகிதம் ஃபிரிட்ஜ் மேல் துழாவினேன். டிக்கெட் இல்லை. சிவப்புச் சீட்டு 'முடிந்தது' பக்கத்தில் இருந்தது.

வாசலில் ஹாரன் அடித்தது. காருக்குள் ட்ரெவர். அவன் மூக்கிலும் களிம்பு.

"நீ தங்கமான ஆளுப்பா க்ளைவ்! அஞ்சு நாள் டிக்கெட்டையும் ஜோஸிகிட்ட குடுத்தனுப்பி இருக்கியே!"

பதில் சொல்வதற்குள் கார் போய்விட்டது.

"ஜோஸி!" என்று அலறினேன்.

"ஏன் கத்தறே? நீ தடைய எழுதச் சொன்னே. எழுதின தடைய எடுத்துப்போடறதுதான் என் வேலை. ஆபீஸ்ல அதுக்குத்தான் சம்பளமே குடுக்கறாங்க."

சுத்தியலை என் கையில் வைத்தாள்.

"வா, மீட்டிங்குக்கு நேரமாச்சு. இன்னிக்குத் தடை ஏதாவது இருக்கா?"

"ஒண்ணும் இல்ல" என்றேன், நின்றபடியே.