எல்லையைக் கடந்த பதினோரு தலைவர்கள்

அசையாபுரி என்றொரு நாடு. அங்கே ஐந்தாண்டுக்கொருமுறை தேர்தல் தவறாமல் நடக்கும். முப்பத்தொரு ஆண்டுகளாகத் தலைவரும் தவறாமல் அவரேதான். பஞ்சம் வந்த ஆண்டில் ஓர் ஆணை பிறந்தது: தலைவர் சாப்பிட்டால் நாடே சாப்பிட்டதாகக் கொள்ளப்படும். மக்கள் வயிற்றில் ஈரத்துணியைக் கட்டிக்கொண்டு ஏப்பம் விட்டார்கள். அடுத்த ஆணை, எல்லைக்கு அப்பால் இருக்கும் உறவினரை யாரும் பார்க்கப் போகக் கூடாது என்றது. சுற்றுலாக் குழுக்கள் மட்டும் போகலாம்.

செங்கமலத்தின் தங்கை பூரணம் அப்பால் வாக்கப்பட்டவள். பார்த்து இருபத்திரண்டு வருடம். பாவம், என்ன செய்வாள்? ஐம்பத்திரண்டு வயதில் முட்டியைச் சிராய்த்துக்கொண்டு சைக்கிள் பழகி, நெடுந்தூரம் போகும் ஒரு குழுவில் பதினோராவது ஆளாகச் சேர்ந்தாள். எண்ணூறு கிலோமீட்டர் மிதித்து எல்லைக்கு வந்தபோது மாலை ஐந்து மணி. ஆறு மணிக்கு மேல் அனுமதிச் சீட்டு செல்லாது. கம்பிக் கதவுக்கு அந்தப் பக்கம் பூரணம் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள்.

எல்லை ஆணையர் மாசிலாமணி கேட்டார்: "உங்கள் தலைவர் யார்?"

"இப்போதைக்கு நான்தான் சார்" என்றார் முன்னால் நின்ற அந்தோணிராசு. "எதிர்காத்து முன்னால போறவன் நெஞ்சுலதான் அடிக்கும். அரை மணி நேரம் தாங்கிட்டுப் பின்னால போயிடுவோம். அடுத்த ஆள் முன்னால வருவார்."

"பின்னாலா? தானாகவா? யாரும் பிடித்துத் தள்ளாமலா?"

"அப்பத்தானே சார் எல்லாரும் ஊர் போய்ச் சேர முடியும்."

பின்னால் அனுமதிக்காக வரிசையில் நின்ற குடிமக்கள் காதைத் தீட்டிக்கொண்டார்கள். ஆணையருக்கு வியர்த்துவிட்டது.

"இந்தப் பேச்சே இங்கே ஆகாது. நிரந்தரத் தலைவர் ஒருவரைச் சொல்லுங்கள். தலைவர் இல்லாமல் ஒரு குழு நொடியும் இருக்கலாகாது என்பது சட்டம். அவர் கடந்தால் குழுவே கடந்ததாகக் கொள்ளப்படும். மற்றவர்கள் இங்கேயே நின்று கைதட்டலாம்."

அந்தோணிராசு யோசிக்கவே இல்லை. "செங்கமலம் அக்காதான் எங்க தலைவர். போங்கக்கா, தங்கச்சி நிக்குது பாருங்க."

"உங்கள விட்டுட்டா? ஒவ்வொரு மேட்டுலயும் எனக்காக நின்னீங்களேய்யா!" என்று தயங்கினாள் செங்கமலம். பத்துப் பேருமாகச் சேர்ந்து அவளைக் கதவருகே அனுப்பிவைத்தார்கள்.

அப்பால் போனதும் பூரணம் ஓடிவந்து கட்டிக்கொண்டாள். "என்னக்கா இப்படிக் கறுத்துப் போயிட்டே!" இருவரும் வாய்விட்டு அழுதார்கள். பிறகு செங்கமலம் திரும்பிப் பார்த்தாள். அந்தப் பத்துப் பேரும் சட்டப்படி கைதட்டிக்கொண்டிருந்தார்கள்.

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு கத்தினாள். "ஆணையரய்யா! நான் தலைவர் பதவிய விட்டுட்டேன்!"

மாசிலாமணி பதறிப்போய் எழுத்தரைப் பார்த்தார். "பதவி விலகச் சட்டத்தில் இடமிருக்கிறதா?"

எழுத்தர் புத்தகத்தைப் புரட்டினார். "இடமில்லை ஐயா. தடையும் இல்லை. இதுவரை யாரும் கேட்டதில்லை."

குழுவோ ஒரு நொடியும் தலைவரில்லாமல் இருக்கக் கூடாது. அந்தோணிராசு தலைவரானார், கடந்தார், அப்பால் கால் வைத்ததும் விலகினார். அடுத்தவர் வந்தார். ஆறு மணிக்கு ஐந்து நிமிடம் இருக்கையில் பதினோராவது சைக்கிளும் கதவைத் தாண்டியது.

வரிசையில் கைக்குழந்தையோடு நின்ற ஒருத்தி கேட்டாள்: "ஏனுங்கய்யா, ஒரு மணி நேரத்துல பத்துத் தலைவருங்க எறங்கிட்டாங்க. வானம் ஒண்ணும் இடிஞ்சு விழலையே?"

ஆணையர் ஒருமுறை அண்ணாந்து பார்த்துக்கொண்டார்.