சக்கரமில்லாத வண்டிக்கு எலுமிச்சம்பழம்

அன்பு மகள் பவதாரணிக்கு,

போடியிலிருந்து அப்பா காசிராஜன் எழுதுவது. இங்கே நானும் உன் அம்மாவும் சௌக்கியம். நீயும் அங்கே ஜெர்மனியில் சௌக்கியமாக, முக்கியமாகத் தரையிலேயே, இருக்க முனியசாமியை வேண்டுகிறேன். போனில் இந்தப் பேச்சை எடுத்தாலே சிக்னல் இல்லை என்று வைத்துவிடுகிறாய். கடிதத்துக்கு சிக்னல் தேவையில்லை. ஆகவே முடிவாகச் சொல்கிறேன், அந்த விமானத்தில் நீ ஏறக் கூடாது.

விமானக் கம்பெனியில் வேலை என்றபோது ஏலக்காய்க் கடையில் எல்லோருக்கும் லட்டு கொடுத்தவன் நான். நீ அனுப்பிய படத்தைப் பார்த்த பிறகுதான் தெரிகிறது, கம்பெனி என்பது மாட்டுத் தொழுவத்தை ஒட்டிய தகரக் கொட்டகை, ஆட்கள் மொத்தமே ஒரு ஜீப்பில் அடங்குவார்கள், விமானம் என்பது எட்டு டேபிள் ஃபேனைக் கட்டிவிட்ட கட்டில். அது நின்ற இடத்திலிருந்தே நேராக மேலே ஏறுமாம், பெட்ரோல் வேண்டாமாம், பேட்டரி போதுமாம். போகட்டும். இதுவரை மணல் மூட்டையை உட்கார வைத்துப் பறக்கவிட்டீர்கள், அதையும் பாராட்டினேன். அடுத்த மாதம் மூட்டையை இறக்கிவிட்டு அந்த இடத்தில் நீ உட்காரப் போகிறாய் என்றால் எப்படியம்மா? படத்தில் உன் பக்கத்தில் நிற்கிற அந்தத் தாடிக்காரர் ஓட்டட்டும், பக்கத்தில் மூட்டையே இருக்கட்டும். மூட்டைக்கு அப்பா அம்மா இல்லை.

"நான் செஞ்ச மோட்டாருப்பா. நானே ஏறலன்னா வேற யாரு ஏறுவா?" என்று கேட்டாய். அன்றிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. உன் அம்மாவோ, "வண்டின்னா ஒரு பூசையப் போட்டுட்டு வாங்க, சும்மா பொலம்பாதீக" என்று அந்தப் படத்தைப் பெரிதாக அச்செடுத்துக் கையில் கொடுத்துவிட்டாள். சாமியே வேண்டாம் என்று சொல்லட்டும், அதை உனக்கு எழுதலாம் என்றுதான் நானும் கிளம்பினேன்.

போடிமெட்டு ஏறும் வழியில் இருக்கிற முனியசாமி கோயிலுக்கு அழகுமலையின் ஜீப்பில் போனேன். ஏலத்தோட்ட வேலைக்குப் போகும் பெண்கள் ஜீப் நிறைய. படம் கைமாறிக் கைமாறி முன்சீட்டுக்குப் போக, அழகுமலை ஒரு கையால் ஸ்டீரிங்கை ஒடித்துக்கொண்டே, "இதுல எத்தன பேரு ஏறலாம்ணே?" என்றான். இரண்டு பேர் என்றேன். "ரெண்டு பேருக்கு ஒரு பிளேனா? நான் இதுல பதினாறு பேர ஏத்துறேன், பேட்டரி செத்தே ஒரு மாசமாச்சு" என்றான். அடுத்த கொண்டை ஊசி வளைவில் காற்று வந்து படத்தைப் பிடுங்கி, பள்ளத்துக்கு மேலே ஒரு சுற்றுச் சுற்றவிட்டு, பலாமரக் கிளையில் செருகியது. "நல்லாத்தானண்ணே பறக்குது, எதுக்குப் பயப்படுறீக?" என்கிறாள் உடன் வந்த அன்னக்கொடி. பறந்தது காகிதம்தான் என்று எனக்கும் தெரியும். ஆனாலும் அது பள்ளத்துக்கு மேலே நின்ற அந்த நேரம் முனியசாமி பெயரைச் சத்தமாகவே சொல்லிவிட்டேன்.

குச்சியால் தட்டி எடுத்த படத்தைப் பூசாரி தங்கபாண்டியிடம் கொடுத்தேன். மஞ்சள் குங்குமம் வைத்தார், சூடம் காட்டினார், எலுமிச்சம்பழத்தை எடுத்துக்கொண்டு சக்கரத்தைத் தேடினார். சக்கரம் ஏது? இரண்டு நீளக் குழாய்மேல்தானே அது நிற்கிறது. "வண்டி கெளம்பயில பழம் நசுங்கணும். இது மேல எந்திரிச்சுப் போச்சுன்னா பழம் அப்படியே கெடக்குமே. இதுக்கெல்லாம் நான் பூசை போட்டதில்ல" என்று பழத்தை என்னிடமே கொடுத்துவிட்டார். சாமி உத்தரவு ஆகிவிட்டது. ஏறாதே. இதில் மாற்றமே கிடையாது.

வேளைக்குச் சாப்பிடு, குளிருக்கு மப்ளரைக் கட்டிக்கொள். கொட்டகையில் இருக்கும் எல்லோருக்கும் எங்கள் ஆசி, அந்த மணல் மூட்டைக்கும் சேர்த்து.

இப்படிக்கு,
உன் பிடிவாதத்தை உனக்குக் கொடுத்த
அப்பா

பி.கு.: உறையை ஒட்டப் போகும்போது உன் அம்மா இதைப் படித்துவிட்டு, "ஏறும்போது நசுங்காட்டி என்ன, எறங்கும்போது நசுங்கும்ல?" என்றாள். ஒட்டப் போன உறையைக் கீழே வைத்துவிட்டு இதை எழுதுகிறேன். ஆகவே அங்கே கடையில் பழம் வாங்கு. இறங்கும் இடத்தில் குழாய் படுகிற மாதிரி வை. ஒன்று போதாது, வரிசையாக வை. நசுங்கின பழத்தைப் படம் எடுத்து உடனே அனுப்பு. அது வந்த பிறகுதான் இங்கே அடுப்பு எரியும். அதுக்காக வெரசா வேணாம், மெதுவாவே எறங்கு தாயி.