என் மனைவியின் ஈறில் ஒரு நீலக் கோடு

வைத்தியம் படித்து முடித்தவனால் குடும்பத்துக்கு ஆபத்தில்லை, படிக்காதவனாலும் இல்லை. பாதி படித்துவிட்டு லீவுக்கு மாமனார் வீட்டுக்கு வருகிறவனிடம்தான் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும். வெள்ளைக்காரன் ஆட்சிக் காலத்தில், சென்னையில் வைத்தியம் படித்துக்கொண்டிருந்தபோது எடப்பாடிக்கு அப்படி வந்து இறங்கியவன் நான்.

மாமனாருக்குத் தறி நெசவு. என் மனைவி அங்கம்மாள் தலைப்பிரசவத்துக்காகத் தாய்வீட்டில் இருந்தாள். (நான் மளிகைக்கடைக்காரர் மகன். நூலுக்கும் எனக்கும் உள்ள சம்பந்தம் இடுப்பு வேட்டியோடு சரி.) வந்த அன்றே, அவள் ஏதோ சொல்லிச் சிரித்தபோது ஈறு ஓரத்தில் மெல்லிய நீலக் கோடு தெரிந்தது. எனக்கு உயிரே போய்விட்டது. ஈறில் நீலக் கோடு என்றால் உடம்பில் காரீய விஷம் என்று அந்த வருஷம்தான் பாடம் நடந்திருந்தது. தாய் உடம்பில் ஏறியது வயிற்றுப் பிள்ளைக்கும் போகும் என்பதும் அதே பாடம்.

மாமனாரை வாய் திறக்கச் சொன்னேன். அவருக்கும் கோடு! மாமியாருக்கும் கோடு! சந்தையில் மாட்டுக்குப் பல் பார்ப்பதுபோல எல்லோருக்கும் பார்த்து முடித்து, குற்றவாளியையும் கண்டுபிடித்துவிட்டேன். பித்தளைப் பாத்திரங்களுக்கு ஈயம் பூச வந்தவன் வெள்ளீயத்தில் காரீயத்தைக் கலந்துவிட்டான். அதில் புளிக்குழம்பு வைத்தால் விஷம் இறங்காமல் என்ன செய்யும்? பாத்திரங்கள் எல்லாம் வாசலுக்குப் போயின.

"எத்தனையோ வருசமா இதுலதானுங்க மாப்ளை திங்கறோம்" என்றார் மாமனார்.

சொன்னால் புரியாது, செய்து காட்டிவிடுவோம் என்று கொல்லைக்குக் கூட்டிப் போனேன். அங்கே கிணற்றடியில் கத்தரிச்செடிப் பாத்திகள் இருந்தன. தண்ணீர்த் தொட்டிக்கு வயிறு என்று பெயர் வைத்தேன். வாய்க்கால் ரத்தம். பாத்திகள் ஈரல், சிறுநீரகம், எலும்பு, மூளை. விஷத்துக்குச் சாயப் பானையிலிருந்து ஒரு செம்பு நீலம் எடுத்துத் தொட்டியில் ஊற்றினேன். மாமனார் தண்ணீர் இறைத்தார். பாதித் தெரு கூடிவிட்டது.

"ரத்தத்துல ரொம்ப நாள் நிக்காது. எலும்புக்குள்ள போய்ப் பதுங்கிக்கும். பின்னால கொஞ்சம் கொஞ்சமா கசியும்!" என்று மண்வெட்டியும் கையுமாக மடை திறந்து, மடை அடைத்துப் பிரசங்கம் செய்தேன். முதலில் உடைந்தது மூளையின் வரப்புதான். நீலம் பக்கத்து வீட்டு வெள்ளாட்டின் காலை நனைத்துக்கொண்டு ஓடியது. அதற்குள் ஓரமாக இருந்த சின்னப் பாத்தி ஒன்றும் நீலமாகிவிட்டது.

"ஏனுங்க, அந்தக் கடைசிப் பாத்திக்கு மட்டும் பேரு சொல்லலீங்களே?" என்றாள் அங்கம்மாள்.

என் கண் அவள் வயிற்றுக்குப் போனது. அவள் என் முகத்தைப் பார்த்தாள். வயிற்றில் கை வைத்துக்கொண்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். என் மேதாவித்தனத்தின்மேல் எனக்கே வெறுப்பு வந்தது.

மறுநாள் காலை பஸ் பிடித்து, மாமனாரோடு அவளைச் சேலத்துக்கு அழைத்துப் போனேன். வயதான டாக்டர் ஒருவர் என் காரீயக் கதை முழுவதையும் பொறுமையாகக் கேட்டார். பிறகு பஞ்சை நனைத்து அங்கம்மாளின் ஈறை ஒரு துடை துடைத்தார். கோடு பஞ்சுக்கு வந்துவிட்டது.

"காரீயக் கோடு ஈறுக்குள்ளே இருக்கும் தம்பி, துடைச்சா வராது" என்றவர், அவளிடம் திரும்பினார். "வாயிலே என்னம்மா வெச்சே?"

"நூல் அந்துபோனா முடி போட்டுப் பல்லுலதானுங்க கடிப்போம். இப்ப நீல நூலுங்க. போன மாசம் செவப்பு."

"இதை வீட்டிலேயே கேட்டிருக்கலாமே தம்பி?"

கேட்டிருக்கலாம்தான். வெளியே வந்து மரத்தடியில் உட்கார்ந்து ஓவென்று அழுதேன். அத்தனையும் சந்தோஷம். மானம் போனதற்காக அழுகிறேன் என்று நினைத்த மாமனார், "உடுங்க மாப்ளை, ஊர்ல ஒருத்தருகிட்டயும் சொல்ல மாட்டனுங்க" என்று தேற்றினார். (எடப்பாடி போய்ச் சேர்வதற்குள் பஸ் கண்டக்டர்வரை எல்லோருக்கும் தெரிந்திருந்தது.)

அடுத்த மாதம் மகள் பிறந்தாள். சுகப்பிரசவம். நான் கையை நீட்டிக்கொண்டு ஓடினேன். மாமியார் குழந்தையைக் கொடுக்கவில்லை. ஈரத்துணியால் அதன் பொக்கை ஈறைத் துடைத்து, துணியை என் கையில் வைத்தார்.

"நல்லாப் பாத்துக்கோங்க மாப்ளை, வெள்ளையாத்தான் இருக்குது."

பேரன் பேத்தி எடுத்த பிறகும் எங்கள் குடும்பத்தில் இது நிற்கவில்லை. எந்தக் குழந்தை பிறந்தாலும் என்னிடம் முதலில் துணிதான் வரும். எல்லோரும் சிரிப்பார்கள். நானும் சிரித்துக்கொண்டே வாங்கி, வெளிச்சத்தில் ஒருமுறை உற்றுப் பார்த்துவிட்டுத்தான் மூச்சு விடுகிறேன்.