ஐந்து கோட்டையும் ஒரு முட்டியும்

பரணிலிருந்து பெட்டியை இறக்கிக்கொண்டிருந்த ஏணியாரின் வலது முட்டி, காலை ஒன்பது மணிக்கு, "மடக்" என்றது.

சும்மா சொல்லக் கூடாது, நல்ல சத்தம். முன்னறையில் ஓடிக்கொண்டிருந்த தையல் மெஷின் டக்கென்று நின்றது.

"என்னங்க அது சத்தம்?"

"ஏணி."

"ஏணி வாசல்ல சாத்தி இருக்கு. நீங்க நிக்கிறது ஸ்டூல்."

"அப்போ ஸ்டூல்."

"ஸ்டூல் இரும்பு. இரும்பு மடக்குன்னு சொல்லாது, கிறீச்சுன்னு சொல்லும்."

ஏணியார் பெட்டியோடு இறங்கி முன்னறைக்கு வந்தார். வீடுகளுக்கு பெயிண்ட் அடிப்பது அவர் தொழில். முப்பது வருஷத்தில் தரையில் நின்றதைவிட ஏணியில் நின்றதுதான் அதிகம். அதனால் ஊர் வைத்த பெயர் அது. சொந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் வேறு யாரையோ என்று போய்க்கொண்டே இருப்பார். மனைவி தையற்காரி. டேப்பை எடுப்பதற்கு முன்பே ஆளைப் பார்த்து அளவு சொல்லிவிடுவாள். அப்படிப்பட்ட கண்ணுக்கு முன்னால் ஒரு முட்டியை மறைத்துக் குடும்பம் நடத்துவது லேசுப்பட்ட காரியமா?

"எலும்பு டாக்டர்கிட்ட ஒரு நடை காட்டிட்டு வந்துடலாமே."

"காட்டினா என்ன சொல்வாங்க? ஏணி ஏறாதேன்னுவாங்க. அப்புறம் ஊர்ல என்னை என்னன்னு கூப்பிடுவாங்க? ஸ்டூலார்னா?"

சிரிப்பாகத்தான் சொன்னார். ஆனால் உள்ளுக்குள் அவருக்கு நிஜமாகவே பயம். ஏணியை விட்டு இறங்கிவிட்டால் அப்புறம் தான் எதற்கும் லாயக்கில்லை என்று ராத்திரி பகல் அந்த மனுஷனை அரித்துக்கொண்டிருந்த பயம்.

பயந்தவனுக்கு வீரம் பொத்துக்கொண்டு வரும். மெஷினுக்கு மேலே சுவரில் ஒரு காலண்டர் தொங்கியது. கடலோரக் கோட்டைகள் ஐந்தின் படம் போட்டது. வருஷம் முடிந்து இரண்டு வருஷம் ஆகியும் அவள் அதைக் கழற்றவில்லை. "ஒரு தடவை போயிட்டு வருவோமே" என்று அவள் கேட்கும்போதெல்லாம் அவர், "மழை வரட்டும்" என்பார். மழை வந்தால், "மழை விடட்டும்" என்பார். அந்தக் காலண்டரைத்தான் இப்போது விரலை நீட்டிக் காட்டினார்.

"அதோ பார், அஞ்சு கோட்டை! அஞ்சையும் உச்சி வரைக்கும் ஏறிக் காட்டறேன். எந்தப் படியிலயாவது 'நான் உட்கார்றேன்'னு என் வாயால சொன்னா, மறுநாளே டாக்டர். சொல்லாம திரும்பி வந்துட்டா, என் முட்டியைப் பத்தி இந்த ஜென்மத்துல நீ வாயைத் திறக்கக் கூடாது. சம்மதமா?"

"சம்மதம்."

அவர் வாய் மூடுவதற்குள் பதில் வந்துவிட்டது. கல்யாணமாகி முப்பது வருஷமான ஆள் அங்கேயே உஷாராகியிருக்க வேண்டும். அட, அதுகூட வேண்டாம். அன்றைக்குக் காலையில் பரணிலிருந்து பெட்டியை எதற்காக இறக்கச் சொன்னாள் என்றாவது யோசித்திருக்கலாம்.

மறுநாளே கிளம்பினார்கள். ஒரு பக்கம் கடல், ஒரு பக்கம் செங்குத்துப் பாறை, நடுவில் வளைந்து வளைந்து போகும் சாலை. திருப்பத்துக்குத் திருப்பம் ஒரு கோட்டை எட்டிப் பார்க்கும். பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தவள் சின்னப் பெண் மாதிரி, "அதோ, அதோ!" என்றாள். ஏணியார் சுவரை மட்டும் பார்த்தார். "ஒரு கோட் அடிக்கவே ஆயிரம் லிட்டர் குடிக்கும். அத்தனை ராஜா இருந்திருக்கான், ஒருத்தனுக்காவது பெயிண்ட் அடிக்கத் தோணிச்சா பாரு!"

முதல் கோட்டை கடலுக்குள் நீண்ட பாறை மேல் இருந்தது. கொடிமேடை வரை நூற்றிருபது படி. ஐம்பது படி வரை ஏணியார் அந்தக் கோட்டையைப் பிடித்த ராஜாவைப் போல ஏறினார். அறுபதில் ராஜாவின் முட்டிக்குள் யாரோ ஆணி அடிக்க ஆரம்பித்தார்கள். அறுபத்திரண்டில் "மடக்". பல்லைக் கடித்துக்கொண்டு அடுத்த காலைத் தூக்கினார். அந்த நேரம் பார்த்துப் பின்னாலிருந்து ஒரு குரல், தெய்வமே பேசியது போல:

"ஏங்க... எனக்கு மூச்சு வாங்குது. ஒரு நிமிஷம் உட்காரலாமா?"

"என்னம்மா நீ! அறுபது படிக்கே இப்படியா?" என்று கடிந்துகொண்டே, அவள் உட்காருவதற்கு முன்பே அவர் உட்கார்ந்துவிட்டார். "நான் கேட்கலை, ஞாபகம் வச்சுக்க. உனக்குத் துணைக்குத்தான் உட்கார்றேன்."

"ஆமாங்க, நீங்க கேட்கவே இல்லை."

அவள் நுழைவுச் சீட்டை எடுத்து, காதில் செருகியிருந்த பென்சிலால் பின்பக்கம் ஏதோ கிறுக்கினாள்.

"என்ன எழுதறே?"

"ஊருக்கு வந்த ஞாபகத்துக்குங்க."

'பாவம், பைத்தியம்' என்று நினைத்துக்கொண்டு ஏணியார் முட்டியை நைஸாகத் தடவிவிட்டுக்கொண்டார்.

இரண்டாவது கோட்டை பாதி இடிந்தது. மீதிப் பாதியில் புறாக்கள் குடியிருந்தன. அங்கே ஏறும்போது இரண்டு தடவை, இறங்கும்போது மூன்று தடவை அவளுக்கு முடியாமல் போயிற்று. ஆச்சரியம் என்னவென்றால், ஒவ்வொரு தடவையும் ஏணியார் 'இதோ செத்தேன்' என்று நினைக்கிற அதே படியில் முடியாமல் போயிற்று. ஒவ்வொரு தடவையும் சீட்டில் ஒரு கிறுக்கல். கீழே வந்ததும் அவர் பக்கத்து அடுக்குமாடியில் இருக்கும் மருந்துக்கடைக்காரருக்குப் போன் போட்டார்.

"சார், நான் கல்லு மாதிரி இருக்கேன். இவளுக்குத்தான் ரொம்ப முடியலை."

"அப்படியா? போன வாரம் துணி மூட்டையைத் தூக்கிட்டு எங்க நாலாவது மாடி வரைக்கும் வந்து கொடுத்துட்டுப் போனாங்களே?"

"அது மாடி சார். இது கோட்டை. உங்களுக்குச் சொன்னா புரியாது."

மூன்றாவது கோட்டை வாசலில் ஒருவர் கைத்தடி விற்றுக்கொண்டிருந்தார். தையற்காரி நின்றாள். "எனக்கு ஒண்ணு வாங்கிக்கட்டுமாங்க?"

"தாராளமா வாங்கு. கௌரவம் பார்க்காதே."

அவள் பையிலிருந்து டேப்பை எடுத்து நாலைந்து தடியை அளந்து, ஒன்றை எடுத்தாள். கடைக்காரர் அவளை மேலும் கீழும் பார்த்தார். "அம்மா, உங்களுக்கு இது ரொம்ப உசரமாச்சே."

"இருக்கட்டும். இதுதான் சரியா இருக்கும்."

ஏணியார் இடுப்பைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "ஊருக்கெல்லாம் அளவெடுக்கிறே, உன் அளவு உனக்குத் தெரியலையேம்மா!" அந்தச் சிரிப்பு அவருக்கு உள்ளே போகிற வரைக்கும் தாங்கியது.

உள்ளே போனதும் அவள் நெளிந்தாள். "தடியோட நடக்க எனக்குக் கூச்சமா இருக்குங்க. யாராவது பார்ப்பாங்க. நீங்க கொஞ்சம் பிடிச்சுக்கறீங்களா? வேணும்னா கேட்கிறேன்."

"கொடு, கொடு. இதுக்கென்ன." அவர் வாங்கிக்கொண்டார். கையில் இருக்கிற தடியைத் தோளிலா சுமக்க முடியும்? ஊன்றித்தான் நடந்தார். சுழல் படியில் அது எவ்வளவு சௌகரியமாக இருந்தது என்பதை அவளிடம் சொல்லவில்லை. அவளும் தடியைத் திருப்பிக் கேட்கவே இல்லை.

நாலாவது கோட்டையில் பேய்க் காற்று. பாதி வழியில் வழக்கம்போல அவளுக்கு முடியவில்லை. வழக்கம்போல அவர் முதலில் உட்கார்ந்தார். அப்போது அவள் தலையிலிருந்த தொப்பி பறந்து படியோடு மேலே உருண்டது. தையற்காரி எழுந்தாள். முப்பது படியை இரண்டு இரண்டாகத் தாவி, மதில் விளிம்பில் தொப்பியை லபக்கென்று பிடித்து, அதே வேகத்தில் இறங்கி வந்து, பக்கத்தில் உட்கார்ந்து, "அப்பாடா, மூச்சு வாங்குது" என்றாள்.

வேறு யாராவது பார்த்திருந்தால் ஒரு கேள்வி கேட்டிருப்பார்கள். ஏணியார், "காத்து பின்னாலேர்ந்து தள்ளியிருக்கும்" என்று தானே ஒரு சமாதானம் சொல்லி, தானே தலையை ஆட்டிக்கொண்டார்.

ஐந்தாவது கோட்டை எல்லாவற்றிலும் உயரம். எட்டு தடவை உட்கார்ந்து, ஒருவழியாக உச்சிக்குப் போய்ச் சேர்ந்தார்கள். வந்த வழி முழுக்கக் கீழே தெரிந்தது. ஒவ்வொரு முனையிலும் ஒரு கோட்டை, அதன் காலடியில் வெள்ளையாக அலை. மூன்று வருஷமாகக் காலண்டரில் பார்த்ததை அவள் இமைக்காமல் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"ஜெயிச்சிட்டீங்க," என்றாள். "இனிமே உங்க முட்டியைப் பத்தி நான் வாயைத் திறந்தா கேளுங்க."

ஏணியாருக்கு நெஞ்சு நிமிர்ந்தது. அடுத்த நிமிஷமே அவர் பார்வை அவள் கால் மேல் போயிற்று. முப்பது வருஷம் மெஷின் மிதித்த கால். நம்ம முட்டியையே நினைத்துக்கொண்டு அவள் முட்டியைக் கவனிக்காமல் விட்டுவிட்டோமே! அவருக்குக் கண் கலங்கிவிட்டது. காற்று மேல் பழி போட்டுத் துடைத்துக்கொண்டார்.

"என் முட்டியைப் பத்தி நீ பேசாதே. உன் முட்டியைப் பத்தி நான் பேசுவேன். நாளைக்கே உன்னை டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போறேன்."

"ஐயோ, எனக்கு எதுக்குங்க? பயமா இருக்கு."

"நான் இருக்கேன், என்ன பயம்?" என்றவர், கோட்டை உச்சியிலேயே நின்று போன் போட்டு, மறுநாள் சாயந்திரத்துக்கு நேரம் வாங்கினார். அவள் எவ்வளவோ மறுத்துப் பார்த்தாள். அவர் விடவில்லை.

எலும்பு டாக்டரம்மா முதல் மாடியில் இருந்தார். தடியைக் கையில் பிடித்தபடி, அதாவது அவளுக்காகப் பிடித்தபடி, ஏணியார் மனைவியை முன்னால் விட்டுப் பின்னால் ஏறினார்.

"யாருக்கு உடம்பு சரியில்லை?"

"இவளுக்குத்தான் டாக்டர். அஞ்சு கோட்டை ஏறினோம். அங்கங்கே உட்கார்ந்துட்டா. நான் கூடவே உட்கார்ந்ததால தப்பிச்சா."

"சொல்லுங்கம்மா, எங்கே வலி?"

தையற்காரி பேசவில்லை. வாயைத் திறக்க மாட்டேன் என்று வாக்குக் கொடுத்தவளாயிற்றே. பையிலிருந்து ஐந்து சீட்டை எடுத்து, திருப்பி, வரிசையாக மேஜை மேல் வைத்தாள். டாக்டரம்மா கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு படித்தார்.

"முதல் கோட்டை. அறுபத்திரண்டாம் படி. வலது முட்டி, மடக். முகம் கோணிச்சு, சொல்லலை. ரெண்டாம் கோட்டை. இறங்கும்போது வலி ஜாஸ்தி. சுவரைப் பிடிச்சுக்கிட்டு 'பெயிண்ட் பார்க்கிறேன்'னு சொன்னார். மூணாம் கோட்டை. தடி ஊன்றினதும் பதினஞ்சு படி கூடப் போச்சு." டாக்டரம்மா நிமிர்ந்தார். "இவ்வளவு ஒழுங்கா யாரும் எனக்கு எழுதிக்கொண்டு வந்ததில்லை. சார், பேண்ட்டை முட்டி வரைக்கும் சுருட்டுங்க."

"எனக்கா? டாக்டர், பந்தயத்துல ஜெயிச்சது நான்!"

"சந்தோஷம். வலது காலைச் சுருட்டுங்க."

அழுத்தினார், மடக்கினார், நீட்டினார். 'மடக்' டாக்டருக்கும் கேட்டது. "பயப்படாதீங்க. தேய்மானம் இப்பத்தான் ஆரம்பிச்சிருக்கு. ஆறு மாசம் ஏணி வேண்டாம். நான் சொல்ற பயிற்சியைச் செஞ்சா மறுபடி ஏறலாம். இப்படியே மறைச்சிருந்தீங்கன்னா ஏணியிலேர்ந்து ஒருநாள் விழுந்து, நேரா ஆஸ்பத்திரி வாசல்லதான் இறங்கியிருப்பீங்க. இந்த ஆறு மாசத்துக்கு ஒரு கைத்தடி..." ஏணியார் கையில் இருந்த தடியைப் பார்த்தார். எழுந்து நிற்கச் சொல்லிப் பார்த்தார். "அட, அளவெடுத்த மாதிரி சரியா இருக்கே! யார் வாங்கினது?"

ஏணியார் திரும்பி மனைவியைப் பார்த்தார். அவள் சுவரில் மாட்டியிருந்த எலும்புக்கூடு படத்தை அக்கறையாகப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மறுபடி ஏறலாம். அந்த ஒரு வார்த்தைதான் அவர் காதில் நின்றது. மூன்று மாசமாக நெஞ்சில் உட்கார்ந்திருந்த பாரம் இறங்கிவிட்டது. வெளியே வந்து இரண்டு பேரும் படியிறங்கினார்கள். ஒன்று, இரண்டு, மூன்று. நாலாவது படியில் ஆணி இறங்கியது.

"ஏங்க," என்றாள் அவள், "எனக்கு மூச்சு வாங்குது. ஒரு நிமிஷம் உட்..."

"போதும்டி," என்றார் ஏணியார். "எத்தனை தடவைதான் எனக்காக உனக்கு மூச்சு வாங்கும்? வலிக்குது. நான் உட்கார்றேன்."

உட்கார்ந்தார். அவளும் ஒட்டிக்கொண்டு உட்கார்ந்து, அவர் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.

அப்புறம் அவள் இன்னொரு கையால் காதிலிருந்த பென்சிலை உருவி, ஐந்தாவது சீட்டைத் தொடையில் வைத்து ஏதோ எழுதினாள். ஏணியார் எட்டிப் பார்த்தார்.

"டாக்டர் வீடு. நாலாம் படி. வாயாலயே சொல்லிட்டார்."