எட்டுப் பேரைத் தாங்கிய பலகை

அந்த வருஷம் பாம்பூ கிராமத்தில் ஞாயிற்றுக்கிழமையானால் எல்லா மாட்டுவண்டிகளும் ஒரே பக்கமாகப் போயின. சீனக் கடைக்கு அடுத்த வெளியில் பலகைச் சித்தர் வந்து இறங்கியிருந்தார். மற்ற சாமியார்கள் பலகையில் உட்காருவார்கள். இவர் பலகை விற்பவர்.

வெளியின் நடுவில் இரண்டு கல்மேடைகள். அவற்றின் மேல் எட்டடி நீளத்தில் ஒரு பலகை. அதைச் சுற்றிச் சிவப்புப் பட்டு, விளிம்பிலிருந்து ஒரு சாண் தொங்கும் ஜரிகைக் குஞ்சம். சித்தர் கண்ணை மூடுவார். உதடு மட்டும் அசையும். பிறகு ஒரு சிட்டிகை விபூதியைத் தூவி, "எட்டுத் திசைக்கு எட்டுப் பேர் ஏறுங்கப்பா" என்பார். கரும்பு வெட்டும் ஆட்கள் எட்டுப் பேர், சோறு தின்று வளர்ந்த உடம்புகள், ஏறி நிற்பார்கள். பலகை வளையாது. முனகக்கூட முனகாது.

கூட்டத்தின் கைகள் தலைக்கு மேலே போகும். முன்வரிசையில் பொன்னுசாமி அழுவார். ஐந்து ஆர்ப்பாங், அதாவது ஐந்து ஏக்கருக்குக் கொஞ்சம் கூடுதலான, கரும்புக்குச் சொந்தக்காரர், ஊரில் நாலு பேர் மதிக்கும் மனிதர். வாரா வாரம் அதே இடத்தில் நின்று அதே நேரத்தில் அழுவார்.

"பலகைக்கு நான் காசு வாங்கமாட்டேன்" என்பார் சித்தர். "மரம் பூமித்தாய் கொடுத்தது. மந்திரத்துக்குத்தான் தட்சிணை. சுவரில் பொருத்தும் தட்டு ஒன்றுக்கு நாலு ரூபாய்."

பூமி கொடுத்ததை விற்பது பாவமாம். வாயிலிருந்து வந்ததை விற்பதில் தோஷம் இல்லையாம்.

ஊருக்குத் திடீரென்று மூட்டை வைக்கும் தட்டு எதற்கு என்று கேட்கலாம். பிளேக் நோய்க்குத் தீவே நடுங்கிக்கொண்டிருந்த காலம் அது. சுகாதார அதிகாரி கையில் பிரம்போடு வீடு வீடாக நுழைந்தார். வீராசாமியின் வண்டிக் கொட்டகைக்கும் வந்தார். வீராசாமிக்கு மூன்று ஆர்ப்பாங் நிலம், ஒரு வண்டி, இரண்டு மாடு. கொட்டகையின் மண்தரையில் அரிசி மூட்டை, சோள மூட்டை, பருப்பு, உப்பு, உர மூட்டை, கலப்பைக் கொழு, பழைய சக்கரம் எல்லாம் உறவினர்கள் மாதிரி ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்து கிடந்தன. அதிகாரி பிரம்பால் ஒரு மூட்டையைத் தட்டினார். மூன்று எலிகள் வெளியே வந்து அவரைப் பார்த்துவிட்டு உள்ளே போயின.

"எல்லாம் தரையை விட்டு மேலே ஏற வேண்டும். அடுத்த மாதம் வருவேன்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

வீராசாமியின் மனைவி சிவகாமி அன்று மாலையே பக்கத்து வீட்டுத் தச்சன் தெனியைக் கூப்பிட்டு வந்தாள். தெனி கிரியோல்காரன், வீட்டில் பேசுவது பிரெஞ்சு கலந்த மொழி. தமிழர்களோடு பிறந்து வளர்ந்ததால் தமிழும் பேசுவான். கொட்டகையைச் சுற்றிப் பார்த்தான், சுவரை அளந்தான்.

"சவுக்குக் கால், பழைய கப்பல் பலகை, குறுக்கே கட்டை. மூணு தட்டு. எல்லாம் சேர்த்து ஆறு ரூபா, மிசே வீராசாமி."

"எலி ஏறாதா?"

"காலுக்குத் தகரம் சுத்தித் தரேன். வழுக்கும்."

"மந்திரம் ஏதாவது உண்டா?"

தெனி கொஞ்சம் யோசித்தான். "நொன். ஆணி உண்டு."

வீராசாமிக்கு இந்தப் பதில் ரொம்பச் சப்பென்று இருந்தது. ஊரே மந்திரித்த தட்டு வைத்திருக்க, தன் வீட்டில் மட்டும் வெறும் ஆணி அடித்த தட்டா? பொன்னுசாமி வந்து பார்த்தால் என்ன நினைப்பார்? மறு ஞாயிற்றுக்கிழமை பன்னிரண்டு ரூபாயை மடியில் முடிந்துகொண்டு சித்தரிடம் கிளம்பினார்.

"ஆறு ரூபாய்க்குக் கிடைக்கிறத ஏங்க பன்னெண்டு கொடுத்து வாங்குறீங்க?" என்றாள் சிவகாமி.

"ஆறு ரூபாய்க்கு எட்டுப் பேர் நிக்க முடியுமா?"

"நம்ம கொட்டகையில எட்டுப் பேர எதுக்கு நிறுத்தணும்? ரெண்டு மூட்டை நின்னா போதுமே."

இது கேள்விதான். ஆனால் பெண்பிள்ளை கேட்ட கேள்வி என்பதால் வீராசாமி பதில் சொல்லும் அவசியத்தை உணரவில்லை.

மூன்று பலகைகளையும் ஒரே தோளில் தூக்கிக்கொண்டு வந்தார். காவி பூசி, நடுவில் குங்குமத்தில் சக்கரம் போட்டிருந்தது. சித்தரின் சீடர்கள் இருவர் வந்து நல்ல நேரம் பார்த்துச் சுவரில் பொருத்தினார்கள். கூடவே விதிகள். பலகையின் அடிப்பக்கத்தை யாரும் பார்க்கக் கூடாது. ஈரத்துணியால் துடைக்கக் கூடாது. வீட்டில் யாரும் மனதால்கூடச் சந்தேகப்படக் கூடாது. சந்தேகம் பட்டால் மந்திரம் இறங்கிவிடும்.

பதினேழாம் நாள் மந்திரம் இறங்கியது. மந்திரத்தோடு அரிசி மூட்டையும் இறங்கியது. கீழே சோளம் அளந்துகொண்டிருந்த சிவகாமியின் இடது கையில் இறங்கியது.

அவள் கத்திய கத்தலில் தெனிதான் முதலில் ஓடிவந்தான். எலும்பு முறிந்திருந்தது. மரத்தை நேராக்கத் தெரிந்தவனுக்கு எலும்பு பெரிய விஷயமாகத் தோன்றவில்லை. உடைந்து கிடந்த தட்டிலிருந்து கையகலத் துண்டு ஒன்றை எடுத்து, முழங்கைக்குக் கீழே வைத்து, விளக்கெண்ணெய்த் துணியால் இறுக்கிக் கட்டினான்.

சேதி கேட்டுச் சித்தர் நேரிலேயே வந்தார். முதல் வேலையாக, உடைந்த துண்டுகளையெல்லாம் சீடர்களை விட்டுச் சாக்கில் கட்டச் சொன்னார். "கடலில் கரைக்க வேண்டும்" என்றார். பிறகு சிவகாமியை மேலும் கீழும் பார்த்தார்.

"பலகை யார்மேல விழுந்தது?"

"இவ மேலதான், சாமி" என்றார் வீராசாமி.

"அப்போ சந்தேகப்பட்டது யார்?"

வீராசாமி வாயைத் திறக்கவில்லை. திறக்காததே பதிலாகிவிட்டது.

"நாற்பது நாள் இந்த அம்மா இந்த வீட்டு நிழல்ல இருக்கக் கூடாது. பிறந்த வீட்டுக்கு அனுப்பு. அதுக்குள்ள புதுத் தட்டு மந்திரிச்சுத் தரேன். பன்னெண்டு ரூபாய் போதும். உன் கஷ்டம் எனக்குத் தெரியும்."

பிறந்த வீடு பிளேன் மாக்னியனில் இருந்தது. அண்ணன் வீடு. ஞாயிறு கழித்துத் திங்கட்கிழமை அனுப்புவது என்று முடிவாயிற்று. முடிவு செய்ததிலிருந்து வீராசாமிக்குச் சோறு இறங்கவில்லை. இரவெல்லாம் வலியில் முனகுகிறவளை வண்டியில் குலுக்கி அனுப்பப் போகிறோமே என்று ஒரு பக்கம் உறுத்தியது. அனுப்பாவிட்டால் பொன்னுசாமி முகத்தில் எப்படி விழிப்பது என்று இன்னொரு பக்கம் உறுத்தியது. இரண்டாவது உறுத்தலுக்குத்தான் பலம் அதிகம்.

வெள்ளிக்கிழமை சிவகாமி கட்டுப்போட்ட கையோடு தண்ணீர்க் குழாய்க்குப் போனாள். அவள் கையைப் பார்த்து நாலைந்து பெண்கள் சுற்றி வந்தார்கள். ஒருத்தி அக்கம்பக்கம் பார்த்துவிட்டு, தோளில் முந்தானையை விலக்கிக் காட்டினாள். கன்றிப்போய்க் கிடந்தது. இன்னொருத்தி கால்விரலைக் காட்டினாள். பொன்னுசாமி வீட்டில் தட்டு இரண்டு தடவை விழுந்ததாம். பழி மருமகள் பார்வதியின் தலையில். அவள் நாற்பது நாளைக்கென்று போனவள், நாலு மாதமாகத் திரும்பக் கூப்பிடப்படவில்லை.

"உங்க வீட்ல விழுந்தத ஏன் வெளிய சொல்லல?" என்றாள் சிவகாமி.

"சொன்னா, சந்தேகப்பட்டது யாருன்னு கேப்பாங்களே அக்கா."

அன்று சாயங்காலம் சிவகாமி வீராசாமியைக் கூப்பிட்டு எதிரே உட்கார வைத்தாள்.

"குழாயடியில எண்ணிப் பாத்தேன். ஏழு வீட்ல விழுந்திருக்கு. ஏழு வீட்லயும் பொம்பள மேலதான் பழி. நாற்பது நாள் கழிச்சு எனக்கும் பார்வதி கதிதான். அனுப்புறதுக்கு முன்னாடி இதப் பாருங்க."

கட்டைக் கொஞ்சம் தளர்த்தினாள். விளக்கெண்ணெயில் ஊறிய இடத்தில் துண்டுப் பலகையின் காவி கரைந்து போயிருந்தது. அடியில் கறுப்பாக எழுத்துகள். அவளுக்கு வாசிக்கத் தெரியாது. வீராசாமிக்கும் தெரியாது. வேலிக்கு அந்தப் பக்கம் நின்ற தெனியிடம் கையை நீட்டினாள்.

தெனி எழுத்துக் கூட்டினான். "சவோன். சோப்பு. பிரான்சிலிருந்து வர்ற சோப்புப் பெட்டி, மிசே வீராசாமி. துறைமுகத்துல சும்மா தூக்கிப் போடுவாங்க. துண்டு துண்டா வெட்டிப் பசையால ஒட்டியிருக்கான்."

வீராசாமி அந்த எழுத்துகளை விரலால் தேய்த்துப் பார்த்தார். பிறகு, "சாமி எந்த மரத்துல மந்திரிச்சா என்ன? சக்தி மந்திரத்துலதானே" என்றார். நம்பிக்கை என்பது பன்னிரண்டு ரூபாய் கொடுத்து வாங்கியது. அவ்வளவு சுலபமாக விட முடியவில்லை.

சிவகாமி கோபப்படவில்லை. "சரி, மரத்த விடுங்க. மந்திரத்தையே பாத்துருவோம். நீங்க மூணு பலகைய ஒரு தோள்ல தூக்கிட்டு வந்தீங்க. அந்தாளோட பட்டுப் பலகைய வண்டியிலருந்து இறக்க எத்தன பேர்?"

"ரெண்டு பேர்" என்றார் வீராசாமி. வியர்க்க வியர்க்க இறக்குவார்கள். மாதக்கணக்கில் ஞாயிறுதோறும் அதைப் பார்த்திருக்கிறார். பார்த்ததை இப்போதுதான் பார்த்தார்.

ஞாயிறு வந்தது. வண்டிகள் வந்தன. பொன்னுசாமி அழுவதற்குத் தயாராக முன்வரிசையில் இருந்தார். தட்சிணை கொடுத்து வாங்கிய புதுப் பலகை ஒன்று, குங்குமம்கூடக் காயாமல், அவர் கையில் இருந்தது. சித்தர் எட்டுப் பேரைக் கூப்பிட்டார். வீராசாமி முன்னால் வந்தார். பின்னால் சிவகாமி நின்றாள்.

"சாமி, தப்பா நினைக்கக் கூடாது. அதே எட்டுப் பேர். பலகை மட்டும் இது" என்று பொன்னுசாமியின் கையிலிருந்ததைக் காட்டினார். "நீங்க இப்பத்தான் மந்திரிச்சது. எந்த வீட்டுக்குள்ளயும் போகல. எந்தப் பொம்பளையும் தொடல."

சித்தர் சிரித்தார். "மந்திரம் மரத்துல பிடிக்க ஒன்பது நாள் ஆகும், மகனே."

"எங்க வீட்ல பதினேழாம் நாள் விழுந்துச்சு, சாமி."

"உன் வீட்ல சந்தேகம் இருந்தது."

"அப்ப சந்தேகமே இல்லாத ஆள் ஏறலாமே" என்றாள் சிவகாமி. சத்தம் போடவில்லை. ஆனால் கடைசி வண்டிவரை கேட்டது. "எட்டுப் பேர் வேணாம். நீங்க ஒருத்தர் ஏறி நில்லுங்க. உங்க மந்திரத்து மேல உங்களுக்குச் சந்தேகம் இருக்காதே."

சித்தர் வானத்தைப் பார்த்தார். வானத்தில் உதவி எதுவும் தென்படவில்லை. நேரம் சரியில்லை என்றார். பொன்னுசாமி அதற்குள் பக்தி மேலிட்டு, பட்டுப் பலகையை எடுக்கச் சொல்லிவிட்டுத் தன் பலகையைக் கல்மேடைகளின் மேல் வைத்துவிட்டார். "ஏறுங்க சாமி. இந்தச் சந்தேகப் பிராணிகளுக்குக் காட்டுங்க" என்று கும்பிட்டார். சித்தரை மாட்டிவிட்டது சந்தேகப்பட்டவர்கள் அல்ல, முழுசாக நம்பியவர்தான்.

இருநூறு ஜோடிக் கண்கள் பார்த்தன. சித்தர் வலது காலை வைத்தார். பலகை முனகியது. இடது காலையும் வைத்தார். பசை விட்ட சத்தம் எல்லோருக்கும் கேட்டது. அடுத்த நொடி, எட்டுத் திசைக்கும் காவல் வைத்தவர் ஒரே திசையில், கீழ்நோக்கிப் போனார்.

அவரைத் தூக்க யாரும் போகவில்லை. எல்லோரும் பட்டுப் பலகையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். தெனி போய் ஒற்றைக் கையால் அதன் ஒரு முனையைத் தூக்கிப் பார்த்தான். அசையவில்லை. பட்டை உருவினான். கீழே மெல்லிய மரப்பெட்டி. பெட்டிக்குள்ளே, ஆலைக்குக் கரும்பு இழுக்கும் சின்ன ரயிலின் தண்டவாளம் இரண்டு, பக்கம் பக்கமாகப் படுத்திருந்தன.

"இது தாங்கும்" என்றான் தெனி. "இது மாட்டையும் தாங்கும்."

முதலில் ஓடியது சீடன் ஒருவன். மற்றவன் ஓட முடியாமல் பிடிபட்டு, கேட்காததையும் சேர்த்துச் சொன்னான். சித்தர் பெயர் சுப்ரமணியன். போன வருஷம்வரை போர்ட் லூயி துறைமுகத்தில் பெட்டி இறக்கியவர். தண்டவாளம் தோட்டத்திலிருந்து திருடியது. கான்ஸ்டபிள் வந்து, குருவும் சீடனும் அந்தப் பலகையை ஆளுக்கொரு முனையில் தூக்கிக்கொண்டு ஸ்டேஷன்வரை நடக்கும்படி செய்தார். வழியெல்லாம் நாலு தடவை இறக்கி வைத்தார்களாம்.

பொன்னுசாமி அன்று அழவில்லை. மறுநாள் விடிந்ததும் வண்டியைக் கட்டிக்கொண்டு பார்வதியை அழைக்கப் போனார். அவள் உடனே ஏறவில்லை. மாமனாரை வெயிலில் வாசலில் அரைநாள் நிற்க வைத்தாள். "விழுந்தது யாராலன்னு ஊர்க் குழாயடியில நீங்களே சொல்லுங்க மாமா, அப்புறம் வரேன்" என்றாள். அவர் சொன்னார். பெண்கள் குடங்களை இறக்கி வைத்துவிட்டுக் கேட்டார்கள்.

வீராசாமி சிவகாமியிடம் மன்னிப்புக் கேட்க மூன்று நாள் எடுத்துக்கொண்டார். மூன்றாம் நாள் சோற்றைப் பிசைந்து அவள் தட்டில் வைத்துவிட்டு, "நான் வாயத் திறந்திருக்கணும்" என்றார். "அன்னைக்கு, அந்தாள் யாருன்னு கேட்டப்ப."

"ஆமா" என்றாள் சிவகாமி. அவ்வளவுதான். ஆனால் சாப்பிட்டாள்.

தெனி தட்டுகளை நிறுத்திக் கொடுத்தான். ஊரில் அடுத்தடுத்துப் பதினோரு வீட்டில் நிறுத்தினான். சுகாதார அதிகாரி வந்து பிரம்பால் தட்டிப் பார்த்துவிட்டு, குறை சொல்ல ஒன்றும் கிடைக்காத வருத்தத்தோடு போனார்.

இரண்டு மாதம்கூட ஆகியிருக்காது. பொன்னுசாமியின் கூட்டாளி துரைசாமி ஒருநாள் அவசர அவசரமாக வேலியோரம் வந்தார். பாம்ப்ளமூஸில் ஒரு மகான் வந்திருக்கிறாராம். மந்திரித்த எலுமிச்சம்பழம் கொடுக்கிறாராம். கொட்டகையில் தொங்கவிட்டால் எலி கண் குருடாகிவிடுமாம். பழம் இரண்டு ரூபாய். வண்டி தயாராக இருக்கிறது, கூட வருகிறீர்களா என்று கேட்டார்.

வீராசாமி மனைவியைப் பார்த்தார். சிவகாமி கட்டு அவிழ்த்த கையால் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள்.

"போயிட்டு வாங்க அண்ணே" என்றாள். "ஆனா ரூபாய எடுக்கிறதுக்கு முன்னாடி, பழத்த ஒரே ஒரு எலிக்கிட்ட காட்டச் சொல்லுங்க."

துரைசாமி அங்கேயே நின்று யோசித்தார். பழக்கமில்லாத வேலை என்பதால் அவருக்கு நெற்றி வியர்த்தது.